நேபாளக் கத்தியில் நான் கண்ட குறை

அக்கா,

இந்த வருஷத்து முதல் பலாப்பழத்தை இன்று காலை வெட்டினோம். வெட்டியது நான்தான். உங்கள் மருமகள் உங்களுடைய கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, என் கையில் கொடுக்காமல் சாக்கின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். வெட்டுகிற சாமானைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நீங்கள் எங்கள் எல்லாரையும் பழக்கிவைத்த பழக்கம், அவளுக்கும் வந்துவிட்டது. துணியைப் பிரித்தேன். தேங்காயெண்ணெயும் காய்ந்த பலாப்பாலும் கலந்த வாசனை குப்பென்று அடித்தது. உங்கள் சேலைத் தலைப்பில் ஆடி மாதம் வரைக்கும் போகாத அதே வாசனை. கைப்பிடிக்குப் பக்கத்தில் வெல்டிங் வைத்த மேடு விரலில் தட்டியது. அதைத் தடவிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன டீச்சர், பழத்தப் பாத்து மலைச்சுப் போயிட்டீங்க?" என்று நம் குழுவிலிருந்து செல்வராணி கேட்டாள்.

நான் டீச்சர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள்கூட எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. பி.எஸ்ஸி. படித்தேன், திருப்பூரில் கட்டிக்கொடுத்தார்கள், அங்கே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் ஏழு வருஷம் நின்றேன். துணியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை, தையல் விட்டது, சாயம் பிசகியது எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. ஸ்டிக்கர் விழுந்த துணி செகண்ட்ஸ். அது பாதி விலைக்குப் பிளாட்பாரத்துக்குப் போகும். அப்புறம் புருஷனோடு இருக்க முடியாமல் ஒரே ஒரு பையோடு கீரமங்கலத்துக்குத் திரும்பி வந்தேன். தெருவில் ஒருத்தர் விடாமல் "எப்ப போறே?" என்று கேட்டார்கள். நீங்கள் ஒருத்திதான் அதைக் கேட்கவில்லை.

"ஒனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியுமாமே. பலாச் சொள எடுத்து விக்கிற எங்க குழுவுல எட்டுப் பேரு இருக்கோம், எட்டுப் பேரும் கைநாட்டுக்குப் பக்கத்து வீடு. ஒரு படிச்ச ஆளு இருந்தா நல்லா இருக்கும், வாரியா?" என்றுதான் கேட்டீர்கள். பழம் வெட்டத் தெரியுமா, சுளை எடுக்கத் தெரியுமா, ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குக் கூட்டிப் போய், "இவுக நம்ம டீச்சரு" என்று எல்லாரிடமும் சொன்னீர்கள். எனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. அந்த வார்த்தையைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்தது. இனி ஊரில் தலைகுனிந்து நடக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிமிர்வை விட்டுவிடக் கூடாது என்கிற பயமும் அன்றைக்கே எனக்குள் புகுந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

உங்கள் மகன் ராசு கத்தாரில் மஞ்சள்காமாலை வந்து படுத்தது அதற்கு அடுத்த வருஷம். கேம்ப்பில் அவனோடு ஒரே அறையில் இருந்த நேபாளத்துப் பையன் சுமன்தான் ஒரு மாதம் கஞ்சி வைத்துக் கொடுத்து, அவன் துணியைத் துவைத்துப் போட்டு, ஆளைத் தேற்றினான். அதைச் சொல்லும்போதெல்லாம் உங்களுக்குக் கண் கலங்கும். "பெத்தவ நான் இங்கிட்டு உக்காந்து சொள எடுத்துக்கிட்டு இருந்தேன், எவ பெத்த புள்ளையோ அங்கிட்டு எம்புள்ளைக்குத் தொண்டு பாத்துருக்கான்" என்பீர்கள். அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே, ஏதாவது செய்ய வேண்டுமே என்று அரித்துக்கொண்டே இருந்தீர்கள்.

அப்போதுதான் ராசு போனில் அந்தக் கத்தி விஷயத்தைச் சொன்னான். சுமனின் அப்பா நேபாளத்தில் கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறார். கையாலேயே அடித்துச் செய்கிற வளைந்த கத்தி. ஊர் ஊராகப் போகும் சரக்கு. ஆனால் வாங்குகிற கடைக்காரர், பார்வைக்குச் சின்னக் குறை இருந்தாலும் ஒதுக்கிவிடுவார். வேலைக்கு ஒரு குறையும் இருக்காது, பார்க்க மட்டும்தான். அப்படி ஒதுக்கியதைத் தள்ளுபடி விலைக்குத்தான் தள்ள வேண்டும். அந்த வருஷம் ஒதுக்கியது நிறைய, மனிதர் சோர்ந்து போயிருக்கிறார். ராசு சொல்லி முடிக்கவில்லை, நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "ஒம்பது கத்தி அனுப்பச் சொல்லுடா. நம்ம அருவாளெல்லாம் தேஞ்சு தேங்காச் சில்லு மாதிரி ஆயிப் போச்சு."

சுமனின் சொந்தக்காரர் ஒருவர் திருச்சிக்கு ஓட்டல் வேலைக்கு வந்தபோது ரயிலில் கொண்டுவந்து, புதுக்கோட்டை பஸ்ஸில் போட்டுவிட்டார். நாம் இரண்டு பேரும் போய் இறக்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? திரும்பி வரும்போது மூட்டையை மடியை விட்டு இறக்க மாட்டேன் என்று நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். "மூட்டையில என்னம்மா?" என்று கண்டக்டர் கேட்டார். "ஒண்ணுமில்லய்யா, கத்திதான். ஒம்பது கத்தி" என்று உரக்கச் சொன்னீர்கள். பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆலங்குடி வரைக்கும் நம் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காரவில்லை. நான் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். "வசதியாத்தானடி இருக்கு" என்று காலை நீட்டிக்கொண்டீர்கள்.

கொட்டகையில் எல்லாரையும் வைத்துக்கொண்டு மூட்டையைப் பிரித்தோம். உள்ளே இங்கிலீஷில் ஒரு சீட்டு. "டீச்சர், படிங்க" என்று நீட்டினீர்கள். படித்துச் சொன்னேன். கையால் செய்தவை, சிறு குறைகள் உண்டு, அவை தோற்றத்தில் மட்டுமே. அதோடு சீட்டை மடித்து வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? ஏழு வருஷம் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கினவள் ஆயிற்றே நான், சும்மா இருப்பேனா? ஒவ்வொரு கத்தியாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அலகு கைப்பிடியில் சேர்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, வெட்டுகிற விளிம்பில், சின்னதாக ஒரு பள்ளம். எலி கடித்த மாதிரி. அடுத்ததை எடுத்தேன். அதிலும். ஒன்பதிலும் அதே இடத்தில் அதே பள்ளம்.

"இதுதான்க்கா குறை" என்றேன். "ஒரே எடத்துல வரிசையா வந்துருந்தா மெஷின் கோளாறு. திருப்பூர்ல ஊசி பிசகுனா இப்படித்தான், ஒரு லாட்டு முழுக்க ஒரே எடத்துல ஓட்டை விழும்."

"கையால அடிச்சதுன்னுல்ல ராசு சொன்னான்? மெஷினு எங்குட்டு வந்துச்சு?" என்று நீங்கள் கேட்டீர்கள். அங்கேயாவது நான் நின்றிருக்கலாம். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அச்சு ஒண்ணு இருக்கும்லக்கா, அதுல பிசகியிருக்கும். இந்தப் பள்ளத்துல பால் போயி அடைஞ்சு துரு ஏறும், ஒரு நாளு அந்த எடத்துலயே ஒடிஞ்சு எவ கையையாவது கிழிச்சிரும்" என்று அடித்துச் சொன்னேன். மாட்டுக் கொம்பில் செய்த கைப்பிடியில் ஓடிய வெள்ளைக் கோட்டைக் காட்டி, "இந்த வேலைப்பாட்டப் பாருங்க" என்று மெச்சவும் மெச்சினேன்.

மற்றவர்களின் கைக்கு ஒன்று ஆகிவிடும் என்றால் நீங்கள் பொறுப்பீர்களா? இரண்டாம் நாளே எட்டுக் கத்தியையும் லேத் பட்டறைக்கு எடுத்துப் போனீர்கள். நான் அன்றைக்குக் குழு மீட்டிங்குக்காகப் புதுக்கோட்டை போயிருந்தேன், என் கத்தி என் வீட்டுப் பூட்டுக்குள் இருந்தது. பட்டறைத் தம்பி, "எட்டுலயும் ஒண்ணுபோல இருக்கேம்மா, வேணும்னேதான் வச்சிருப்பாங்க" என்று சொன்னானாம். "எங்க டீச்சரு பாத்துச் சொல்லியிருக்கு, நீ அடைப்பா" என்று சொல்லி, எட்டுப் பள்ளத்தையும் வெல்டிங் வைத்து அடைத்துக்கொண்டு வந்தீர்கள். அலகு அந்த இடத்தில் நீலம் பாரித்திருந்தது. "ஒன்னோடதையும் குடுத்துட்டு வா" என்றீர்கள். நாளைக்கு, நாளைக்கு என்று நான் தள்ளிப் போட்டேன். சோம்பேறித்தனம் தவிர வேறொரு காரணமும் இல்லை.

அந்த வருஷம் வெட்டும்போது ஒரு விஷயம் கவனித்தேன் அக்கா. உங்கள் எல்லாருக்கும் பால் அலகில் வழிந்து கைப்பிடிக்கு வந்து பிசுபிசுத்தது. எனக்கு வரவில்லை. அந்தப் பள்ளத்தில் வந்து நின்று கீழே சொட்டியது. நான் எண்ணெய் நன்றாகத் தடவுகிறேன், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை!

வைகாசியில் ராசுவுக்குக் கல்யாணம். லீவில் ஊருக்குப் போக வேண்டிய சுமன் முதலில் இங்கே வந்தான். ஒல்லியான பையன், ராசுவிடம் கற்ற தமிழ். பந்தியில் நீங்கள் அவன் இலையை விட்டு நகரவே இல்லை, அவன் போதும் போதும் என்று கையை விரித்து இலையை மூடினால் கைக்கு மேலேயே பாயசம் ஊற்றப் போனீர்கள். மறுநாள் காலையில் அவனைக் கொட்டகைக்குக் கூட்டி வந்தீர்கள். சாக்கை விரித்து, ஒன்பது கத்தியையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தீர்கள். "ஒங்கப்பா கத்திதான்ப்பா எங்க ஒம்பது பேரு வீட்டு அடுப்பயும் எரிய வைக்கிது" என்று அவனிடம் சொன்னபோது உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். பட்ட கடனைக் கொஞ்சமாவது தீர்த்துவிட்ட ஒரு தாயின் முகம்.

அவன் முதல் கத்தியை எடுத்தான். வெல்டிங் மேட்டைப் பெருவிரலால் தடவினான். கீழே வைத்தான். இரண்டாவது. மூன்றாவது. அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் என் கத்தி. அதை எடுத்ததும் பள்ளத்தைப் பார்த்துவிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான்.

"அம்மா, இது கம்ப்ளெய்ன்ட் இல்ல" என்றான் மெதுவாக. "எல்லாக் கத்தியிலும் இது இருக்கும். ரத்தம், பால் எதுவும் கைக்கு வராது, இங்கேயே சொட்டிரும். அப்பா கடைசியா இதத்தான் போடுவார். இது போட்டாத்தான் கத்தி." பிறகு கைப்பிடியின் வெள்ளைக் கோட்டையும், அடியில் பித்தளைப் பூண் லேசாகக் கோணியிருந்ததையும் காட்டினான். "கடைக்காரர் சொன்ன குறை இதுதான்."

ஏழு பேர் என்னைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒருத்தி வாயைத் திறந்தாலும் போதும்.

"யாரும்மா அடைச்சது?" என்று கேட்டான் சுமன்.

"நாந்தான்ப்பா" என்றீர்கள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கூறுகெட்ட கழுத, எனக்கு என்ன தெரியும்? ஓட்டையா இருக்கேன்னு அடைச்சுப்புட்டேன். ஒங்கப்பா கைவேலையக் கெடுத்துப்புட்டேன்ப்பா, மன்னிச்சுக்க." அவனைக் கும்பிட்டீர்கள். அந்தப் பையன் பதறிப்போய் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டான். எந்தப் பையனுக்கு நன்மை செய்ய வேண்டும் என்று துடித்தீர்களோ, அவன் முன்னால் உங்களைக் குனிய வைத்துவிட்டு நான் நின்றுகொண்டிருந்தேன்.

அது போதாதென்று அவன் என் பக்கம் திரும்பினான். "இந்த அக்காவுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு" என்று சிரித்தான். வீடியோ காலில் அவன் அப்பாவைக் கூப்பிட்டு, அடைத்த எட்டையும் காட்டாமல் என் கத்தியை மட்டும் காட்டினான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்த அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கைகூப்பினேன் அக்கா! வெட்கமே இல்லாமல், படித்தவள் மாதிரி, திருப்பிக் கைகூப்பினேன்.

இரண்டு தடவை உங்களிடம் அந்தப் பேச்சை எடுத்தேன். முதல் தடவை, "சொள வாடிப் போகுது, எண்ணெயத் தடவிக்கிட்டு ஒக்காரு" என்றீர்கள். இரண்டாம் தடவை நான் அழவே ஆரம்பித்துவிட்டேன். "அந்தப் புள்ள மனசு கோணாமப் போயிட்டான், அது போதும் எனக்கு. நீ ஏன்டி கெடந்து ஒழட்டிக்கிற?" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டீர்கள். சுமனிடம் நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். "நீ சொல்லி அவன் என்ன செய்யப் போறான், வெல்டிங்கு கழண்டுருமா?" என்று கேட்டீர்கள். எனக்கும் அது சவுகரியமாக இருந்தது. நான்கு வருஷம் அந்தச் சவுகரியத்திலேயே ஓட்டிவிட்டேன். குழுவில் மற்றவர்கள் நான் சொன்னதை மறந்துவிட்டார்கள் என்றும் நம்பிக்கொண்டேன். ஒவ்வொரு பண்டிகைக்கும் சுமன் உங்களுக்குப் போன் செய்வான், "அந்த அக்கா கத்தி எப்படி இருக்கு?" என்று கேட்பான். "நல்லா வச்சிருக்காப்பா" என்பீர்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சுளையிலிருந்து கொட்டையை எடுத்துக்கொண்டிருப்பேன்.

மாசி மாதம் நெஞ்சை அடைக்கிறது என்று படுத்தீர்கள். ஆம்புலன்ஸில் உங்கள் காலடியில் நான்தான் உட்கார்ந்து வந்தேன். அறந்தாங்கி போய்ச் சேருவதற்குள் இரண்டு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். அப்போதாவது, "தப்பு என்னோடதுக்கா, நீங்க தலைகுனிஞ்சிருக்க வேணாம்" என்று சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் சொல்கிற நேரமா இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, உங்கள் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் நீங்கள் கண் திறக்கவில்லை.

ஆகவே இன்று காலை செல்வராணி அப்படிக் கேட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. உங்கள் கத்தியைச் சாக்கில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். "ஒங்க எல்லாருகிட்டயும் ஒண்ணு சொல்லணும். அந்தப் பள்ளத்தக் குறைன்னு சொன்னது நான். அக்கா இல்ல. சுமன் கேட்டப்ப நான் வாயத் தொறக்கல. பழிய அக்காவச் சொமக்க விட்டுட்டு, பாராட்ட நான் வாங்கிக்கிட்டேன்" என்றேன். இனி இவர்கள் என்னை டீச்சர் என்று கூப்பிட மாட்டார்கள், பரவாயில்லை என்று தயாராகிக்கொண்டுதான் சொன்னேன்.

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வராணி சிரித்துவிட்டாள்.

"ஏன் டீச்சர், மூட்டையப் பிரிச்சப்ப நாங்க என்ன தூங்கிக்கிட்டா இருந்தோம்? நீங்க ஊசி, மெஷினுன்னு சொன்னது எங்க காதுலயும்தான் விழுந்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு வருஷமாக இந்த ஏழு பேரையும் காது கேட்காதவர்கள், மறந்துபோனவர்கள் என்றா நினைத்துக்கொண்டிருந்தேன்?

"அப்ப ஏன் ஒருத்திகூட ஒண்ணும் கேக்கல?" என்றேன்.

பாக்கியம்தான் சொன்னாள். "அந்தத் தம்பி போன அன்னைக்குச் சாயங்காலமே அக்கா எங்களக் கூப்புட்டு ஒக்கார வச்சிருச்சுல்ல. 'அவ புருசன விட்டுப்புட்டு, ஊரு வாயில விழுந்து எந்திரிச்சு வந்தவ. அவளுக்குன்னு இங்க இருக்குறது டீச்சருங்குற அந்த ஒரு மரியாததான். எனக்கு என்ன, அருவா புடிச்ச கை, கூறுகெட்டவன்னு சொன்னா ஒட்டிக்கவா போகுது? எவளாச்சும் இதச் சொல்லி அவளக் குத்திக் காட்டுனீங்க, அப்புறம் என் மூஞ்சியில முழிக்கக் கூடாது'ன்னுச்சு. அப்பறம் நாங்க ஏன் பேசப் போறோம்?"

சண்டை வரும்போதுகூட இவர்கள் சொல்லவில்லை அக்கா. பொங்கலுக்கு முன்னால் கணக்கு எழுதும்போது பாக்கியத்தை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டிப் பேசினேனே, அன்றைக்கு அவள் முகம் சிவந்து, ஏதோ சொல்ல வந்து, உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள். அவள் என்ன சொல்ல வந்தாள், எதை விழுங்கினாள் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. நீங்கள் போன பிறகும் இந்த இரண்டு மாதமாக ஒருத்தியும் அதை மீறவில்லை.

அழுதேன். இரண்டு கையிலும் எண்ணெய் ஒட்டியிருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. பாக்கியம் பக்கத்தில் வந்து தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "சரி சரி டீச்சர், பழத்த வெட்டுங்க, பஸ் ஏத்தணும்ல" என்றாள்.

மத்தியானம் சுமனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "அம்மா பொய் நல்லாச் சொல்லியிருக்காங்க" என்றான்.

ஊரில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது அக்கா. என் படிப்புக்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் அதோடு நடந்திருக்கிறேன். இனியும் அதோடுதான் நடக்க வேண்டும். அதை எட்டுப் பேர் தூக்கிப் பிடித்திருந்தார்கள் என்பது இன்று காலைதான் எனக்குத் தெரியும்.